வியன்னாவிலிருந்து தப்பி வந்த இருவரும் மேசை மேல் ஒரு துளைப்பொறியும்



வானொலிப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தவர்கள் உள்ளே ஒரு பலகையைக் கண்டிருப்பீர்கள். அதன் ஒரு பக்கத்தில் சின்னஞ்சிறு உறுப்புகள் நிற்கும். மறுபக்கத்தில் செம்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். இதைத்தான் அச்சுச் சுற்றுப்பலகை என்கிறோம். தொலைபேசி, தொலைக்காட்சி, கார், மருத்துவமனைக் கருவிகள் எல்லாவற்றிலும் இது உண்டு. இந்தப் பலகையைத் தொழிற்சாலைக்கு அனுப்பாமல், வீட்டு மேசையில் வைத்தே செதுக்கித் துளையிடும் சிறிய பொறிகளைப் பொழுதுபோக்காகக் கட்டுகிறவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். கணினி தரும் எண்களின்படி தானாக நகர்ந்து வேலை செய்வதால் இவற்றைச் சி.என்.சி. பொறிகள் என்கிறார்கள்.

இந்தப் பொறி மேசைக்கு வந்து சேர்ந்த வரலாற்றை இம்மாதம் பேசுவோம். எமது வானொலியில் இதை ஏன் பேசவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். இந்த வரலாற்றின் இரண்டு முக்கியமான திருப்பங்களில் ஒஸ்திரியாவின் வியன்னா நகரிலிருந்து உயிர் தப்பி வந்த இருவர் நிற்கிறார்கள். அவர்கள் பட்ட பாடு எமக்குப் புதிதல்ல.

பட்டம் இருந்தும் வேலை இல்லை

போல் ஐஸ்லர் 1907ஆம் ஆண்டு வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அந்நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து 1930இல் பட்டம் பெற்றார். யூதர் என்பதால் சொந்த ஊரில் தகுந்த வேலை கிடைக்கவில்லை. கிடைத்த வேலைகளுள் ஒன்று அச்சுத்துறை சார்ந்தது. அச்சுக்கூடத்தில் ஒரு படத்தை உலோகத் தகட்டில் பதித்து, வேண்டாத இடத்தை அமிலத்தால் அரித்தெடுக்கும் முறையை அங்கே நெருங்கிப் பார்த்தார். பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது அந்த அறிவுதான்.

1936இல் ஐஸ்லர் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். இலண்டன் ஹம்ஸ்ரெட் பகுதியில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு ஒரு வானொலிப் பெட்டியைச் செய்தார். அக்காலத்து வானொலிகளுக்குள் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒவ்வொரு கம்பியையும் ஒருவர் கையால் வெட்டி, வளைத்து, ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டும். ஐஸ்லர் அந்தக் கம்பிகளை அகற்றிவிட்டார். ஒரு பலகையில் மெல்லிய செம்புத் தகட்டை ஒட்டி, அச்சுக்கூட முறையில் வேண்டாத செம்பை அரித்து நீக்கினால் மிஞ்சும் கோடுகளே கம்பிகளின் வேலையைச் செய்யும் என்பது அவருடைய எண்ணம்.

வானொலி தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றிடம் இதைக் கொண்டுபோய்க் காட்டினார். கம்பி இணைக்கும் வேலையைப் பெண் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்குச் செய்துவிடுகிறார்கள், இது எதற்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிழைப்புக்காக ஐஸ்லர் திரையரங்கு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். பொறியியல் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பெற்றோல் நிலையத்திலும் உணவகச் சமையலறையிலும் இரவு வேலை பார்த்த எம் தந்தையர், மாமன்மாரின் முகங்கள் இந்த இடத்தில் பலருக்கு நினைவில் வரும்.

வாசிக்காமல் வைத்த கையெழுத்து

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் ஜேர்மன், ஒஸ்திரிய நாட்டவர்களைப் பிரித்தானிய அரசு எதிரிநாட்டவர் என்று பிடித்து முகாம்களில் வைத்தது. இட்லரிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கும் அதே கதிதான். 1940இல் ஐஸ்லரும் அப்படி அடைக்கப்பட்டார். 1941இல் விடுதலையாகி, சிறிது காலம் இராணுவத்தின் பயனியர் படைப்பிரிவில் இருந்துவிட்டு, மறுபடியும் தன் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இம்முறை அவரை ஏற்றுக்கொண்டது ஓர் அச்சு நிறுவனம். ஹென்டர்சன் அன்ட் ஸ்போல்டிங் என்ற அந்த நிறுவனத்தார் இதற்காகவே ரெக்னோகிராப் என்ற துணை நிறுவனத்தை அமைத்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது ஐஸ்லர் அதைச் சரியாக வாசிக்கவில்லை. வேலைக்காலத்தில் அவர் கண்டுபிடிப்பவற்றின் காப்புரிமை ஒரு பவுண் என்ற பெயரளவுத் தொகைக்கு நிறுவனத்துக்குச் சொந்தம் என்று அதில் எழுதியிருந்தது. நிறுவனத்தில் ஒரு சிறு பங்கு மட்டுமே அவருக்கு இருந்தது.

1943 பெப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போடப்பட்டது. அந்தப் போர்க்காலத்திலேயே அமெரிக்காவில், வானத்தில் இலக்கை நெருங்கியதும் தானாக வெடிக்கும் எறிகணைகளின் உருகிக்குள் அச்சிட்ட மின்சுற்றுகள் பயன்பட்டன. எறிகணையின் கீழ் வாழ்ந்து வந்த எமக்கு இதைக் கேட்க இனிக்காது. ஆனாலும் வானொலி கேட்பதற்காகப் பிறந்த ஒரு யோசனையைப் போர்தான் முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது என்பது வரலாறு. போர் முடிந்த பின்னர் உலகின் மின்னணுத் தொழில் முழுவதும் இந்த முறைக்கு மாறியது. ஐஸ்லர் 1957இல் ரெக்னோகிராப்பை விட்டு விலகினார். அமெரிக்காவில் அவருடைய காப்புரிமைகள் செல்லாது என்று 1963இல் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் 1992இல் காலமானார். அவரது முறையில் உருவான ஒரு வானொலி இன்று இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

எண்களைக் கேட்டு நடந்த இயந்திரம்

பலகை வந்துவிட்டது. அதைத் துளையிடும் பொறியின் கதை அமெரிக்காவில், வேறொரு தேவைக்காகத் தொடங்குகிறது.

மிச்சிகன் மாநிலத்தின் ட்ரவர்ஸ் சிற்றி என்ற ஊரில் ஜோன் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகொப்ரர் இறக்கைகளைச் செய்துவந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர், பட்டறையிலே தொழில் பழகியவர். இறக்கையின் வளைவு மிகவும் துல்லியமாக இருக்க வேண்டும். அவரிடம் வேலை செய்த பிராங்க் ஸ்ருலன் என்ற பொறியியலாளர், அந்த வளைவின் புள்ளிகளை ஐ.பி.எம். நிறுவனத்தின் துளை அட்டைக் கணிப்பு இயந்திரத்தில் கணக்கிட்டுத் தந்தார். பட்டறையில் ஒருவர் அட்டவணையைப் பார்த்து எண்களை உரக்க வாசிப்பார். மற்ற இருவர் இயந்திரத்தின் ஆளுக்கொரு கைபிடியை அந்த எண்ணுக்குத் திருப்புவார்கள். வாசிப்பதையும் திருப்புவதையும் இயந்திரமே செய்தால் என்ன என்று பார்சன்ஸ் யோசித்தார்.

1949இல் அமெரிக்க விமானப்படை அவருக்கு ஒப்பந்தம் கொடுத்தது. மோட்டர்களைக் கட்டுப்படுத்தும் நுட்பத்துக்காக அவர் எம்.ஐ.ரி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தின் உதவியை நாடினார். வேலை பெருகியபோது விமானப்படையும் எம்.ஐ.ரி.யும் நேரடியாகவே ஒப்பந்தம் செய்துகொண்டன. யோசனையைக் கொண்டுவந்தவர் ஓரமாக ஒதுக்கப்பட்டார். 1952 செப்ரெம்பரில், துளையிட்ட காகித நாடாவை வாசித்துத் தானாக உலோகத்தைச் செதுக்கும் இயந்திரத்தை எம்.ஐ.ரி. உலகுக்குக் காட்டியது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டுமே ஓர் அலுமாரி வரிசையளவு பெரிதாக இருந்தது. பார்சன்ஸ் பெயரிலான காப்புரிமை 1958இல் கிடைத்தது. அவருக்கும் ஸ்ருலனுக்கும் அமெரிக்க அரசின் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் 1985இல்தான் வழங்கப்பட்டது.

இந்த இயந்திரங்களுக்குக் கட்டளையிடும் மொழி காலப்போக்கில் ஜி-கோட் என்று பெயர் பெற்றது. "இந்த இடத்துக்கு வேகமாகப் போ", "இந்த வேகத்தில் நேராக வெட்டிக்கொண்டு போ" என்பவை போன்ற சிறு கட்டளைகள்தான் அதில் இருக்கும். இன்று மேசை மேல் நிற்கும் சிறிய பொறியும் அதே மொழியைத்தான் பேசுகிறது.

பைஜாமாவிலிருந்து உருவிய நாடா

இரண்டாமவர் ஜோசப் கேர்பர். 1924இல் வியன்னாவில் பிறந்தவர். நாசிகள் ஒஸ்திரியாவைக் கைப்பற்றிய பின்னர், 1940இல் தாயும் மகனுமாக அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார்கள். தந்தை வரவில்லை. நாசிகளின் யூத இன அழிப்பில் அவர் உயிரிழந்தார். கேர்பர் வேலை செய்துகொண்டே பள்ளிப்படிப்பை விரைவாக முடித்து, விமானப் பொறியியல் படிக்கப் போனார்.

மாணவராக இருந்தபோது ஒரு வரைபடத்தில் இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட அளவுகளை மீண்டும் மீண்டும் கணக்கிட வேண்டியிருந்தது. அலுத்துப்போன கேர்பர் தன் பைஜாமாவின் இடுப்பு இலாஸ்ரிக் நாடாவை உருவி, அதில் சம இடைவெளியில் கோடுகள் போட்டார். நாடாவை இழுத்துப் பிடித்தால் கோடுகளும் சேர்ந்து விரியும். கணக்குப் போடாமலே அளவை வாசித்துவிடலாம். இந்த யோசனையை உலோகச் சுருளில் செய்து விற்பதற்காக 1948இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்.

1960களில் அந்த நிறுவனம் ஒளியால் படம் வரையும் கருவிகளைச் செய்தது. சுற்றுப்பலகையின் செம்புக் கோடுகளை அதுவரை மனிதர்கள் பெரிய தாளில் கறுப்பு நாடா ஒட்டி உருவாக்கி, படம்பிடித்துச் சுருக்குவார்கள். கேர்பரின் கருவி படச்சுருள் மீது ஒளிப்புள்ளியை நகர்த்தி நேராகவே வரைந்தது. அதற்கான கட்டளைகள் மிக எளியவை. ஒன்று என்றால் ஒளியைத் திறந்து கோடு போடு. இரண்டு என்றால் ஒளியை மூடிக்கொண்டு நகர். மூன்று என்றால் ஓரிடத்தில் நின்று ஒளியைப் பாய்ச்சு. அந்தக் கட்டளைகள் அடங்கிய கோப்பு வடிவத்தை இன்றும் கேர்பர் கோப்பு என்றுதான் அழைக்கிறார்கள். உலகில் எங்கே ஒரு சுற்றுப்பலகை வடிவமைக்கப்பட்டாலும், பெரும்பாலும் அது ஒரு கேர்பர் கோப்பாகவே தொழிற்சாலைக்குப் போகிறது. 1994இல் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் பெற்ற கேர்பர் 1996இல் காலமானார். ஐஸ்லருக்கு வாய்க்காத ஒன்று இவருக்கு வாய்த்தது. தன் கண்டுபிடிப்பைத் தன் நிறுவனத்தின் பெயரிலேயே வைத்திருந்தார்.

தொழிற்சாலையிலிருந்து கராஜுக்கு

இவ்வளவும் நெடுங்காலம் தொழிற்சாலை மதிலுக்குள்ளேயே இருந்தது. வீட்டில் பலகை செய்ய விரும்பியவர்கள் செம்புத் தகட்டில் மையால் கோடு வரைந்து, பெரிக் குளோரைட்டுக் கரைசலில் ஊறவைத்தார்கள். அந்தக் கரைசல் பட்டால் துணியில் கறை போகாது. கழிவுநீர்க் குழாயிலும் ஊற்றக்கூடாது. அதன் பிறகு ஒவ்வொரு துளையையும் கைத்துளைப்பானால் போடவேண்டும். கை சற்றே சரிந்தாலும் மெல்லிய முனை முறிந்துவிடும்.

மதிலில் முதல் வாசல் 1990களில் திறந்தது. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் ஒன்று, சாதாரணக் கணினியிலேயே இயந்திரத்தை ஓட்டும் மென்பொருள் ஒன்றை எழுதியது. அரசாங்க ஊழியர்கள் எழுதியதால் அது பொதுச்சொத்து. யாரும் எடுக்கலாம், திருத்தலாம். தொண்டர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். இன்று அது லினக்ஸ் சி.என்.சி. என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. 2000களில் பழைய அச்சுப்பொறிகளைப் பிரித்து மோட்டர்களையும் தண்டுகளையும் எடுத்து, மரப்பலகையும் மேசை இழுப்பறைத் தண்டவாளமும் சேர்த்துப் பலர் பொறி கட்டினார்கள். அச்சுப்பொறியை இணைக்கும் 25 முள் துவாரம் வழியாகக் கணினி அந்த மோட்டர்களுக்குக் கட்டளை அனுப்பியது.

பின்னர் புதிய கணினிகளில் அந்தத் துவாரம் இல்லாமற் போயிற்று. அந்த இடைவெளியை நிரப்பியது இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005இல் பிறந்த ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை. எம்மவர் பலர் வாழும் நோர்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கொக்ஸ்ருட் என்பவர், அந்தச் சிறு பலகையிலே ஜி-கோட்டைப் புரிந்து மூன்று மோட்டர்களை ஓட்டும் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருளை 2009இல் எழுதினார். அதையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்தார். இதற்கிடையே 2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய றெப்றப் என்ற முப்பரிமாண அச்சுப்பொறித் திட்டத்தால் மோட்டர்களும் அவற்றை ஓட்டும் சிறு சுற்றுகளும் மலிந்தன. இன்று 30 செ.மீ. நீளமும் 18 செ.மீ. அகலமும் கொண்ட தளத்தில் வேலை செய்யும் பொறி, பூட்டுவதற்கான உதிரிகளாக, ஒரு நல்ல கைத்தொலைபேசியின் விலையை விடக் குறைவாகக் கிடைக்கிறது.

பொறி செய்யும் வேலை

கட்ட நினைப்பவர்களுக்காக அதன் வேலை முறையையும் சொல்லிவிடுவோம். பொறிக்கு மூன்று திசை. இடம் வலம் ஒன்று, முன் பின் ஒன்று, மேல் கீழ் ஒன்று. ஒவ்வொன்றையும் ஒரு ஸ்ரெப்பர் மோட்டர் திருகுத் தண்டைச் சுழற்றி நகர்த்தும். இந்த மோட்டர் ஒரு சுற்றை 200 சிறு படிகளாகச் சுற்றும். திருகுத் தண்டு ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகர்த்துமானால், ஒரு படி என்பது 0.01 மி.மீ. ஆகும்.

பலகையின் தடிப்பு பொதுவாக 1.6 மி.மீ. அதன் மேலுள்ள செம்பு 0.035 மி.மீ. மட்டுமே. கூம்பு போன்ற கூரிய முனை ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் சுமார் 0.1 மி.மீ. ஆழத்தில் பள்ளம் வெட்டி, அந்தக் கோட்டை மற்றச் செம்பிலிருந்து பிரித்துவிடும். அரிக்கும் கரைசல் தேவையில்லை. பிறகு முனையை மாற்றினால் உறுப்புகளின் கால்களுக்கு 0.8 அல்லது 1 மி.மீ. துளைகளைப் போடும். கடைசியாக விளிம்பை வெட்டிப் பலகையைப் பிரித்துத் தரும்.

பலகை முற்றிலும் மட்டமாக இருக்காது என்பதுதான் பெரிய சிக்கல். ஒரு மூலையில் முனை ஆழமாகப் போகும், இன்னொரு மூலையில் செம்பைத் தொடவே மாட்டாது. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. முனையில் ஒரு கம்பியும் செம்பில் ஒரு கம்பியும் மாட்டி, முனை செம்பைத் தொட்டதும் மின்சாரம் பாய்வதை வைத்துப் பல இடங்களில் உயரத்தை அளந்துகொண்டால், மென்பொருள் அந்த மேடு பள்ளத்துக்கு ஏற்ப வெட்டும் ஆழத்தைத் திருத்திவிடும்.

ஓர் எச்சரிக்கை அவசியம். இந்தப் பலகைகள் பெரும்பாலும் கண்ணாடி இழையால் ஆனவை. வெட்டும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கூடாது. தூசு உறிஞ்சியும் முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் பிள்ளைகளைப் பக்கத்தில் விடவேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். துளைகளின் உட்சுவரில் செம்பு பூசுவது போன்ற வேலைகளை இந்தப் பொறி செய்யாது. சீனத் தொழிற்சாலைகள் நல்ல பலகைகளை மலிவாகச் செய்து அனுப்புகின்றன. காசை மட்டும் கணக்குப் பார்த்தால் பலருக்கு இது தேவைப்படாது. காலையில் நினைத்ததை மாலையில் கையில் வைத்துப் பார்க்கலாம், பிழைத்தால் இரவே திருத்தலாம் என்பதே இதன் உண்மையான பயன்.

எமக்கு இதில் என்ன?

1990களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை. அப்போதும் எமது சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுழற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டது. பழுதான உறுப்பைக் கழற்றி, இன்னொரு பெட்டியிலிருந்து எடுத்துப் பற்றவைத்து வானொலியைப் பேசவைத்தவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் பலர் இன்று இந்த நாடுகளில் ஓய்வு பெற்ற முதியவர்களாக வீட்டில் இருக்கிறார்கள். அவர்களின் கைவேலைக்கு இங்கே யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. சொந்தப் பேரப்பிள்ளைகளுக்கே அது தெரியாது.

பேரப்பிள்ளைகளுக்குக் கணினி தெரியும். கோப்பை இறக்கவும், ஜி-கோட் எழுதவும், பொறியை ஓட்டவும் அவர்களால் முடியும். எந்த உறுப்பு எங்கே நிற்க வேண்டும், ஈயம் எப்போது சரியாக உருகியது, சத்தத்தை வைத்து முனை மொட்டையாகிவிட்டதா என்பதெல்லாம் தாத்தாவுக்குத் தெரியும். வீட்டில் ஒரே மொழியைச் சரளமாகப் பேச முடியாமல் தவிக்கும் இரண்டு தலைமுறைகள் ஒரு மேசைக்கு இருபுறமும் இருந்து ஒரு சிறு வானொலிப் பலகையைச் செய்து முடிக்கலாம். தமிழ்ப் பாடசாலைகளும் ஊர்ச் சங்கங்களும் பணம் சேர்த்து ஒரு பொறியை வாங்கி வைத்தால், பல குடும்பங்களுக்கு அது உதவும்.

ஐஸ்லரும் கேர்பரும் எல்லை கடந்தபோது சொத்து எதையும் தூக்கி வரவில்லை. தலையில் இருந்ததையும் கையில் இருந்ததையும் மட்டும் கொண்டுவந்தார்கள். எமது பெற்றோரும் அப்படித்தான் வந்தார்கள். ஐஸ்லரின் கதையிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய புத்தி ஒன்று உண்டு. எந்த ஒப்பந்தத்தையும் வாசித்து, விளங்காவிட்டால் விளங்கியவரிடம் கேட்டு, அதன் பிறகே கையெழுத்து வையுங்கள். ஸ்கொக்ஸ்ருட் போன்றவர்களின் கதையிலிருந்தும் ஒன்று உண்டு. தெரிந்ததைப் பகிர்ந்து கொடுத்தவர்கள் இருந்தபடியால்தான் இந்தப் பொறி எம் வீட்டு மேசை வரை வந்திருக்கிறது. வீட்டில் வானொலி திருத்திய பெரியவர் யாரும் இருந்தால், இந்த வார இறுதியில் அவரிடம் ஒரு பழைய பெட்டியைக் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கட்டும்.